சர்க்கரைச் சங்கத்துக்கு யார் தலைவர்?

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர், மோரை பக்கம் காலையில் போனால் சாலையில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வரும். அதே சாலையோரத்தில் ஷேர் ஆட்டோவுக்காக நிற்பார்கள், கம்பெனி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற காலனிப் பெண்கள். சாப்பாட்டு டப்பா இருக்கும் பையிலேயே மாத்திரை அட்டையும் இருக்கும். சர்க்கரைக்கு ஒன்று, சிலருக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரையும் உண்டு. கால் புண் ஆறாமல் விரலை எடுத்த பெரியவர் ஒருவராவது இல்லாத தெருவைக் காட்டுவது இன்றைக்குச் சிரமம்.

ஒரு காலத்தில் சர்க்கரையைப் பணக்கார வியாதி என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 14 பேருக்கு மேல். கிராமப்புறங்களை மட்டும் எடுத்தாலும் 100-க்கு ஏறக்குறைய 9 பேர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து மாத்திரை தருகிறார்கள் என்றால், அந்தத் தேவை எவ்வளவு தூரம் ஊருக்குள் வந்துவிட்டது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நம் தலைவருக்கும் இந்த நோய் இருந்தது. அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணல் அம்பேத்கர் சர்க்கரையாலும் கால் வலியாலும் தூக்கமில்லாமல் அவதிப்பட்டார். மும்பையில் சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் டாக்டர் சாரதா கபீரைச் சந்தித்தார். 1948 ஏப்ரல் 15-ல் அவர்கள் திருமணம் நடந்தது. அண்ணலின் கடைசி எட்டு ஆண்டுகளுக்கு மருந்தையும் உணவையும் பார்த்துக்கொண்டவர் அந்த மருத்துவர்தான். அதே 1948-ல்தான் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் இதுவே முதலாவது என்பார்கள். ஆவடியிலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் ரயிலில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் அந்த மருத்துவமனை பக்கம்தான்.

சர்க்கரை, தைராய்டு, குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராமல் போவது, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது என்று பலதையும் பார்க்கிற துறைக்கு நாளமில்லாச் சுரப்பியியல் என்று பெயர். மருத்துவர்கள் எண்டோகிரைனாலஜி என்பார்கள். பெரிய மருத்துவப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருப்பார்கள். வெளிநாட்டில், குறிப்பாக பிரிட்டனில், இது வழக்கமான ஒன்று. இதயத்துக்கு ஒரு சங்கம், அறுவை சிகிச்சைக்கு ஒரு சங்கம், சுரப்பிகளுக்கு ஒரு சங்கம். ஆண்டுதோறும் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு மாணவர்கள் போட்டியிடுவார்கள். வென்றால் என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பார்கள், மற்றவர்கள் வாக்களிப்பார்கள். நம் ஊர்க் கல்லூரிகளிலும் வினாடி வினாக் குழு, ஆராய்ச்சிக் குழு, துறை மன்றம் என்று ஏதாவதொரு பெயரில் இது இருக்கிறது.

தலித் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அறிவிப்புப் பலகையில் அந்த நோட்டீஸ் ஒட்டப்படும்போது நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள்? படித்தவர்களில் எத்தனை பேர் பெயர் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மாணவர்கள் கண்டுபிடித்த சுரப்பிகள்

சங்கப் பதவி சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தத் துறையின் வரலாற்றிலிருந்தே மூன்று பேரைச் சொல்கிறேன்.

கணையத்துக்குள் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-ல் முதலில் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவர் பெர்லினில் மருத்துவ மாணவர், வயது 21. இன்சுலின் சுரப்பது அங்கிருந்துதான் என்று பின்னால் தெரிந்தது. இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளைக் கண்டவர் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக மாணவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம். ஜெர்மன் இதழ் ஒன்று அவர் கட்டுரையை நீளம் என்று சொல்லித் திருப்பிவிட்டது. கடைசியில் 1880-ல் அதை வெளியிட்டது உப்சாலா மருத்துவச் சங்கத்தின் இதழ். சங்கம் இல்லையென்றால் அந்தக் கண்டுபிடிப்பு மேசை அறைக்குள்ளேயே கிடந்திருக்கும்.

மூன்றாமவர் சார்லஸ் பெஸ்ட். 1921-ல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங்கோடு சேர்ந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது அவருக்கு வயது 22. அந்த வேலைக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள், காசைச் சுண்டிப் போட்டதில் பெஸ்டுக்கு விழுந்தது என்று ஒரு கதை உண்டு. 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் துறைத் தலைவர் மெக்ளியாடுக்கும் போனது. பெஸ்ட் பெயர் பட்டியலில் இல்லை. பான்டிங் கோபப்பட்டுத் தன் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். உழைத்தவன் பெயர் விட்டுப்போவது எங்கேயும் நடக்கும். ஆனால் பெஸ்டின் பெயரைச் சபையில் சொல்ல ஒரு பான்டிங் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கவலை.

எய்ம்ஸில் நடந்தது

2006-ல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இட ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோது டெல்லி எய்ம்ஸ் வளாகம்தான் எதிர்ப்புப் போராட்டத்தின் மையமாக இருந்தது. பயிற்சி மருத்துவர் அமைப்பு முன்வரிசையில் நின்றது. மருத்துவ மாணவர்கள் என்றாலே ஒதுக்கீட்டுக்கு எதிரானவர்கள் என்ற தோற்றம் நாடு முழுவதும் பரவியது. அதே வளாகத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களும் இருந்தார்கள். ஆனால் ‘மாணவர்கள்’ என்ற பெயரில் பேசும் இடத்தில் அவர்கள் இல்லை.

அங்கே சாதிப் பாகுபாடு காட்டப்படுகிறது என்ற புகார்கள் எழுந்ததும், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்த அந்தச் செப்டம்பரில், பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர் சுகதேவ் தோரட் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2007 மே மாதம் அறிக்கை வந்தது. விடுதியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒதுங்கிப் போயிருந்தார்கள். பதில் சொன்ன அந்த மாணவர்களில் 72 சதவீதம் பேர் வகுப்பில் ஏதாவதொரு பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆசிரியர்களிடம் போதிய உதவி கிடைக்கவில்லை என்றவர்கள் 69 சதவீதம். பதில் சொன்னவர்கள் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் நாட்டின் முதல் மருத்துவ நிறுவனத்தைப் பற்றி அரசு அமைத்த குழு இப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. எய்ம்ஸ் நிர்வாகம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

நான் அதில் முக்கியமாகப் பார்ப்பது இன்னொரு பகுதி. கிரிக்கெட், கூடைப்பந்து, கலை விழா என்று பாடத்துக்கு வெளியே நடக்கும் விஷயங்களிலும் இந்த மாணவர்கள் ஓரம் கட்டப்பட்டிருந்தார்கள். வகுப்பில் உட்கார இடம் சட்டப்படி கிடைத்துவிடுகிறது. அணி, குழு, சங்கம் என்று வரும்போது சட்டம் உள்ளே வருவதில்லை. யாரோடு பேசுகிறாய், யார் அறைக்குப் போகிறாய், யார் உன் பெயரைச் சொல்கிறார் என்பதில் அது முடிவாகிறது.

2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மேற்படிப்பு படித்த டாக்டர் பாயல் தட்வி, 26 வயது, பழங்குடிப் பெண், விடுதி அறையில் உயிரை விட்டார். மூத்த மாணவிகள் சாதியைச் சொல்லி அவமதித்தார்கள் என்று வழக்கு. அவருடைய தாயும் ரோஹித் வெமுலாவின் தாயும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். பாகுபாட்டைத் தடுக்க 2012-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் போட்டது. சம வாய்ப்புப் பிரிவு இருக்க வேண்டும், பாகுபாடு ஒழிப்பு அலுவலர் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று தெரியுமா? தெரியவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள். மாணவர் சங்கத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தால் இந்தக் கேள்வியை அவர் எழுத்தில் கேட்பார், பதிலும் எழுத்தில் வரும்.

சென்னைக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. 2015 மே மாதம் ஐ.ஐ.டி. நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மாணவர்கள் நடத்திய சின்ன வட்டம் அது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழ, ஜூன் முதல் வாரத்திலேயே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. சங்கப் பெயரில் அறை கேட்கலாம், கூட்டம் நடத்தலாம், நோட்டீஸ் ஒட்டலாம். இவ்வளவுதான் அதன் அதிகாரம். அதைக்கூட ஒருவரிடமிருந்து பறிக்க நினைக்கிறார்கள் என்றால் அதற்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

அரியர் வைத்தவன் நிற்கக் கூடாதா?

மாணவர் தேர்தலுக்கு நாட்டில் எழுதப்பட்ட விதி லிங்டோ குழுவுடையது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும்தான். இதெல்லாம் காசில்லாத பிள்ளைகளுக்குச் சாதகம்.

ஆனால் அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. போட்டியிடும் ஆண்டில் அரியர் எதுவும் இருக்கக் கூடாது. வருகை 75 சதவீதம் வேண்டும். இளநிலை மாணவர் வயது 17 முதல் 22 வரை; தொழிற்படிப்புகளுக்கு இதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

வெள்ளானூர் காலனியிலிருந்து ஒரு பெண் மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளி, தமிழ் வழி. நீட் தேர்வை ஒரு முறை எழுதி மதிப்பெண் வரவில்லை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. 2020-ல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிறது. சேரும்போதே வயது 20. முதலாண்டில் உடற்கூறியல் புத்தகம் ஆங்கிலத்தில் மலை போல நிற்கிறது. உயிர்வேதியியலில் இரண்டு மதிப்பெண்ணில் தவறுகிறாள். துணைத் தேர்வில் தேறிவிடுகிறாள். ஆனால் நோட்டீஸ் வந்த வாரத்தில் அவள் கணக்கில் ஒரு அரியர் இருக்கிறது. அவள் நிற்க முடியாது.

துறை மன்றங்களுக்கு லிங்டோ விதி நேரடியாகப் பொருந்தாது. அவற்றுக்கு விதியே கிடையாது என்பதுதான் உண்மை. ஆனாலும் அரியர் இல்லாதவர்தான் பொறுப்புக்கு வர வேண்டும் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் ஊறிப்போயிருக்கிறது. முதலாண்டுத் தடுமாற்றம் ஆங்கிலத்தால் வந்ததா, அக்கறையின்மையால் வந்ததா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தேறிய பிறகும் அந்தப் பெயர் போவதில்லை. நியாயமான விதி என்று பார்த்தால், வேட்புமனு நாளில் நிலுவை இருக்கிறதா என்று கேட்பதோடு, துணைத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருப்பவருக்கும் இடம் தர வேண்டும்.

இன்னொரு சிக்கல், பல இடங்களில் தேர்தலே கிடையாது என்பது. பேராசிரியர் கைகாட்டுகிறவர்தான் செயலாளர். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர், விழாவில் மைக் பிடிக்கத் தெரிந்தவர், பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ மருத்துவராக இருப்பவர். பேராசிரியர் சாதி பார்த்துத்தான் கைகாட்டுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குக் கண்ணில் பட்ட பிள்ளையைச் சொல்கிறார். யார் கண்ணில் படுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாணவர் பேரவைகளைப் பொறுத்தவரை, நியமன முறை தற்காலிகம்தான், ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்றது லிங்டோ குழு. அந்த ஐந்து ஆண்டு 2011-லேயே முடிந்துவிட்டது.

மேலே போகப் போக ஒதுக்கீடு இல்லை

சுரப்பியியல் நிபுணராக வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கு மேல் டி.எம். மூன்று ஆண்டு. முதல் இரண்டு படிகளிலும் இட ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் 69 சதவீதம். பட்டியல் சாதிக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3. மூன்றாவது படியான சூப்பர் ஸ்பெஷாலிட்டியில் சாதிவாரி ஒதுக்கீடு கிடையாது. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு 50 சதவீத இடம் என்ற ஏற்பாடு மட்டும் இருக்கிறது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதன்படி கலந்தாய்வு நடத்த அனுமதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு மேலே படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு அதுதான் வழி.

டி.எம். இடம் நுழைவுத் தேர்வுத் தரவரிசையில் கிடைப்பது, சங்கத் தலைவராக இருந்தால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு படிப்பு இருக்கிறது, அதை எப்போது எழுத வேண்டும், எந்த ஆசிரியரிடம் கேட்க வேண்டும், மாநாட்டில் கட்டுரை படிக்க யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். நம் பிள்ளைக்கு அது கிடைக்கிற இடம் இந்தச் சங்கங்கள்தான். வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் என்னென்ன பொறுப்பு வகித்தார்கள் என்று எழுதவும் வேண்டும்.

மருத்துவப் படிப்பில் தலித் மாணவர்கள் வந்த வேகம் இந்தச் சில ஆண்டுகளில் கூடியிருக்கிறது. 2022 ஜனவரியில் திருவள்ளூர் உட்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன, 1,450 இடங்கள். நம் மாவட்டத்திலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. எண்ணிக்கை வந்துவிட்டது. அடுத்ததைப் பேசலாம்.

ஒரு பக்க அறிக்கையில் என்ன எழுதலாம்?

நின்றால் என்ன சொல்லி வாக்கு கேட்பது என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காலனியில் வளர்ந்தவருக்கு இந்தத் துறையில் சொல்வதற்கு மற்றவர்களைவிட அதிகம் இருக்கிறது.

கால் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை போதும். பாதத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். மருத்துவமனைக் கூட்டத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதம் பார்க்க நேரம் இருப்பதில்லை. அழுக்குத் தண்ணீரில் நிற்கிற தூய்மைப் பணியாளர், செங்கல் சூளையிலும் வயலிலும் வெறுங்காலோடு நடக்கிறவர், இவர்களுக்குத்தான் முள் குத்தியதே தெரியாமல் புண் வைக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மாணவர்கள் ஒரு காலனிக்குப் போனால் அன்றைக்கே ஒரு தெருவின் பாதங்களைப் பார்த்துவிடலாம்.

இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் பிரிட்ஜ் இல்லை, இருந்தாலும் கரண்ட் நிற்பதில்லை. மண்பானையில் தண்ணீர் ஊற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்து உள்ளே இறக்கினால் வெயிலிலும் அது கெடாமல் குளிர்ச்சியாக இருக்கும். இதை நோயாளியிடம் தமிழில், நம் பேச்சில் சொல்ல வேண்டும். ‘கார்போஹைட்ரேட்டைக் குறையுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால், ரேஷன் அரிசிச் சோற்றைத் தவிர வீட்டில் வேறெதுவும் இல்லாத அம்மா என்ன செய்வார்? எவ்வளவு சோறு, கூட என்ன கீரை, பழைய சோற்றை எப்போது சாப்பிடுவது என்று சொல்கிற மாணவர் அந்த வீட்டை அறிந்தவராக இருக்க வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி இப்போது ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் குறைந்தது மூன்று குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுக்கப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதில் வரும். அந்தக் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்த் தெருவோடு பேருந்து திரும்பிவிடாமல் காலனிக்குள்ளும் வருகிறதா என்று பார்க்க ஒரு செயலாளர் தேவை.

பெண் பிள்ளைகள் தனியாக ஒரு யோசனை வைக்கலாம். தைராய்டு, மாதவிலக்குக் கோளாறு, கர்ப்ப காலச் சர்க்கரை எல்லாமே பெண்களைத் தேடி வருகிற சுரப்பி நோய்கள். விடுதி மாணவிகள் முதல் துப்புரவுப் பணியாளர்கள் வரை கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கேட்டால் நோயாளிகள் கிடைப்பார்கள். முகாமுக்கு வெளியே போக வேண்டியதே இல்லை.

வேட்புமனுவுக்கு முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டு பேருமே நம் விடுதிக் கூட்டாளிகளாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் ஒருவராவது வேறு சாதிக்காரராக, வகுப்பில் அடுத்த இருக்கைக்காரராக இருக்கட்டும். அவரிடம் போய்க் கேட்பதுதான் உண்மையில் கடினமான பகுதி. சிலர் நாளைக்குச் சொல்கிறேன் என்பார்கள். சிலர் உடனே பேனாவை எடுப்பார்கள். தோற்றாலும் எத்தனை வாக்கு வந்தது என்று எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு நிற்கப்போகிற தங்கைக்கு அந்த எண் தேவைப்படும்.